கிரேடு 9 என்று வாங்கிய ஜோர்டன் கார்டு ஓரம் நறுக்கப்பட்டதாம்: யாரிடம் பணம் கேட்பது?

கேள்வி: நான் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் வசிக்கிறேன். 2023 மார்ச்சில் இணையவழி ஏலம் ஒன்றில் ஃபிளீர் நிறுவனம் 1986-இல் வெளியிட்ட, கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனின் சேகரிப்புக் கார்டு ஒன்றை 12,000 டாலருக்கு எடுத்தேன். 20 சதவீத ஏலக் கட்டணத்தோடு மொத்தம் 14,400 டாலர் ஆயிற்று. ஒரு தரமதிப்பீட்டு நிறுவனம் பத்துக்கு 9 என்று கிரேடு கொடுத்து, 'ஸ்லாப்' எனப்படும் சீல் வைத்த பிளாஸ்டிக் உறையில் அடைத்திருந்த கார்டு அது. ஏப்ரலில் கைக்கு வந்தது. மகளின் கல்லூரிச் செலவுக்காக விற்க நினைத்து, வேறொரு நிறுவனத்தின் ஸ்லாப்புக்கு மாற்ற அனுப்பினேன். "ஓரம் நறுக்கப்பட்டதற்கான அடையாளம் தெரிகிறது" என்று குறிப்பெழுதி, ஸ்லாப்பைத் திறக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏல நிறுவனமோ, "கிரேடு கொடுத்தது நாங்கள் அல்ல, விற்றது விற்றதுதான்" என்கிறது. ஸ்லாப்பை உடைத்து நானே அளந்து பார்க்கலாமா? இதே கார்டு 7 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிருப்பதால் 25,000 டாலர் இழப்பீடு கேட்கலாமா?

பதில்: ஸ்லாப்பை உடைக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அந்த ஒரு வரிதான். கிரேடு கொடுத்த நிறுவனம் தன் மதிப்பீட்டுக்குப் பண உத்தரவாதம் தந்திருந்தால், அது சீல் கலையாத ஸ்லாப்புக்கு மட்டுமே பொருந்தும். உடைத்த அடுத்த நிமிடம், "எங்களிடமிருந்து போனது இந்தக் கார்டுதான் என்பதற்கு என்ன சான்று?" என்று கேட்பார்கள்; அதற்கு உங்களிடம் பதில் இருக்காது. நாளையே நீங்கள் கார்டை நறுக்கியதாகக்கூட வாதிட இடம் கிடைத்துவிடும்.

இனி சட்டத்துக்கு வருவோம். கிரேடு என்பது ஒருவரின் கருத்துதானே, கருத்துக்கு யார் பொறுப்பேற்பார்கள் என்பது ஏல நிறுவனத்தின் வாதம். அதில் பாதி உண்மை இருக்கிறது. பி.எஸ்.ஏ. என்ற தரமதிப்பீட்டு நிறுவனத்தின் அளவுகோலில், கிரேடு 9 பெறும் கார்டின் முன்பக்கப் படம் நடுவிலிருந்து சற்றே விலகியிருக்கலாம். சிறு அச்சுக் குறையோ, பின்பக்கத்தில் லேசான மெழுகுக் கறையோ ஒன்று இருக்கலாம். ஒரே கார்டுக்கு ஒருவர் 9 கொடுப்பதும் இன்னொருவர் 8 கொடுப்பதும் இத்துறையில் அன்றாடம் நடப்பது. உங்கள் தகராறு 8-ஆ 9-ஆ என்பதாக இருந்திருந்தால், வழக்குக்குப் போக வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

ஆனால் ஓரம் நறுக்கப்பட்டதா இல்லையா என்பது கருத்தன்று. நடந்ததா, நடக்கவில்லையா என்ற உண்மைநிலை. மழுங்கிய மூலைகளைக் கூராக்கவும், விலகிய படத்தை நடுவில் இருப்பதுபோல் காட்டவும் கார்டின் ஓரத்தை இழையளவு சீவிவிடுவார்கள். இரண்டரைக்கு மூன்றரை அங்குலம் இருக்க வேண்டிய கார்டு ஸ்லாப்புக்குள் சற்றே தளர்ந்து கிடக்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் மூன்று ஓரங்கள் காலத்தால் மங்கியிருக்க, நான்காவது மட்டும் புதுத் தாள்போலப் பளிச்சென்றிருக்கும். இப்படிச் சீவிய கார்டு என்று தெரிந்தால் முறையான நிறுவனம் எதுவும் அதற்கு எண் கிரேடே தராது. 'அசல், ஆனால் மாற்றப்பட்டது' என்று குறிப்பதோடு நிறுத்திக்கொள்ளும். ஆகவே ஏலப் பட்டியலில் '9' என்று அச்சிட்டபோதே, இந்தக் கார்டில் யாரும் கைவைக்கவில்லை என்ற உறுதியும் அதற்குள் அடங்கிவிட்டது என்பதே உங்கள் தரப்பின் வலுவான வாதம்.

அமெரிக்க மாநிலங்கள் ஏற்றுள்ள ஒருசீர் வணிகச் சட்டத்தின் 2-313 பிரிவு, விற்பவர் பொருளைப் பற்றித் தரும் விவரணை பேரத்துக்கு அடிப்படையாக அமைந்தால் அது வெளிப்படையான உத்தரவாதம் ஆகும் என்கிறது. வெறும் கருத்தும் புகழ்ச்சியும் உத்தரவாதம் ஆகா என்றும் அதே பிரிவு சொல்கிறது. 'உள்ளது உள்ளபடி' என்ற நிபந்தனையைக் காட்டி இந்த உத்தரவாதத்தை எளிதாக அழித்துவிட முடியாது. இரண்டையும் இசைவாகப் படிக்க முடியாதபோது மறுப்பு வாசகம் செல்லாது என்பது 2-316 பிரிவு. 'நாங்கள் வெறும் முகவர்' என்ற பதிலும் வரக்கூடும். கார்டைக் கொடுத்தவர் யார் என்று உங்களிடம் சொல்லாமலே விற்றிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் முகவரே ஒப்பந்தத்துக்குப் பொறுப்பாளி ஆவார்.

கிரேடு தவறலாம் என்பதற்கு இத்துறையின் மிகப் புகழ்பெற்ற கார்டே சாட்சி. 1909 முதல் 1911 வரை வெளிவந்த டி206 என்ற பேஸ்பால் கார்டு வரிசையைச் சேர்ந்த, ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் கார்டு ஒன்றுதான் பி.எஸ்.ஏ. தரமிட்ட முதல் கார்டு. 1991-இல் அதற்கு 8 கிடைத்தது. 2007-இல் அது 28 லட்சம் டாலருக்கு விற்றது. அதை முன்பு கைமாற்றிய ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ, ஓரங்களை நறுக்கியது தானே என்று 2013-இல் சிகாகோ கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அஞ்சல் மோசடிக் குற்றத்துக்காக 2015-இல் அவருக்கு 20 மாதச் சிறை விதிக்கப்பட்டது.

உங்கள் மாநிலத்தின் நுகர்வோர் மோசடிச் சட்டமும் துணைக்கு வரலாம். தொழில்முறை விற்பனையாளர் செய்த தவறான அறிவிப்பால் கணக்கிடக்கூடிய இழப்பு ஏற்பட்டிருந்தால், அவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று நிரூபிக்காமலே மும்மடங்கு இழப்பீடும் வழக்கறிஞர் கட்டணமும் கிடைக்க அதில் வழியுண்டு. உண்மையை மறைத்தார் என்று சொல்வதானால் மட்டும், தெரிந்தே மறைத்ததைக் காட்ட வேண்டும். இங்கே ஒரு தடை இருக்கிறது. ஏல நிபந்தனைகளில் வேறு மாநிலச் சட்டமே செல்லும் என்றும், தகராறு நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு நடுவர் முன்பே தீர்க்கப்பட வேண்டும் என்றும் எழுதியிருப்பார்கள். நீதிமன்றம் செல்லும் உரிமையைக் கைவிடுகிறீர்கள் என்பதை அந்த வாசகம் புரியும்படி சொல்லவில்லை என்றால் அது செல்லாது என்று நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 2014-இல் அட்டலீஸ் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. நிபந்தனைகளின் முழுப் படியைப் பார்க்காமல் இதில் உறுதி சொல்ல மாட்டேன்.

இழப்பீட்டுத் தொகையில் உங்கள் கணக்கு தவறு. ஜோர்டன் கார்டின் கிரேடு 10 ஒன்று 2021 ஜனவரியில் 7,38,000 டாலருக்குப் போனது உண்மைதான். ஆனால் அதே கிரேடு அதே ஆண்டிலேயே பாதிக்கும் கீழே இறங்கியது. அதோடு, 10-க்கும் 9-க்கும் இடையே விலையில் இருப்பது ஒரு படியன்று, மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. 2-714 பிரிவின்படி, கார்டை நீங்கள் ஏற்றுக்கொண்ட நாளில் உண்மையான 9-க்கு என்ன மதிப்போ, அதிலிருந்து நறுக்கிய கார்டின் மதிப்பைக் கழித்தால் வருவதே உங்கள் இழப்பு. அந்நாளில் நறுக்கிய கார்டு 2,500 டாலர் பெறும் என்று வைத்துக்கொண்டால், நீங்கள் கொடுத்த விலையை அடிப்படையாக வைத்து ஏறக்குறைய 11,900 டாலர் கேட்கலாம். 2023 வசந்தகாலத்தில் நடந்த ஏலங்களில் கிரேடு 9 விற்ற விலைகளை இப்போதே திரட்டி வையுங்கள். உச்ச விலை ஒன்றை மட்டும் காட்டினால் நீதிபதி நம்ப மாட்டார். நடுவர் நிபந்தனை செல்லாதென்று ஆகி, ஏல நிறுவனத்தை நியூ ஜெர்சிக்கு இழுக்கவும் முடிந்தால், 20,000 டாலர் வரையிலான உரிமைக்கோரல்களை விசாரிக்கும், மாநில நீதிமன்றத்தின் சிறப்பு சிவில் பிரிவிலேயே வழக்குத் தொடுக்கலாம்.

இப்போது உங்களிடம் இருக்கும் சான்று வலுவற்றது. இரண்டாவது நிறுவனம் பிளாஸ்டிக் வழியாகப் பார்த்துச் சொன்னது அது. எனவே ஸ்லாப்பின் இருபக்கங்களையும் நான்கு ஓரங்களையும் தெளிவாகப் படமெடுத்து, காப்பீட்டோடு முதல் நிறுவனத்துக்கே மறுஆய்வுக்கு அனுப்புங்கள். திறப்பதாக இருந்தால் அவர்களே திறக்கட்டும். பணம் தர முன்வந்தால், இனிக் கோரிக்கை எதுவும் இல்லை என்று எழுதித் தரும் விடுவிப்புப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் என்னைப் போன்ற வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். ஏல நிறுவனத்தின் மீதான உங்கள் உரிமையையும் சேர்த்து விட்டுக்கொடுக்கும் வரி அதில் இருக்கக்கூடும்.

இதற்கிடையில் கார்டை '9' என்று வேறு யாருக்கும் விற்றுவிடாதீர்கள். சந்தேகம் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அதை மறைத்து இணையத்தில் விற்றால், இன்று ஏல நிறுவனம் நிற்கும் இடத்தைவிட மோசமான இடத்தில் நீங்கள் நிற்பீர்கள். குற்ற வழக்குக்கும் அது இடம் கொடுக்கும்.

காலக்கெடு இரண்டு. குறை தெரிந்தபின் நியாயமான காலத்துக்குள் விற்றவருக்கு அறிவிக்காவிட்டால் 2-607 பிரிவின்படி பரிகாரமே போய்விடும். தொலைபேசிப் பேச்சு போதாது. பட்டியல் பக்கம், ரசீது, இரண்டாவது நிறுவனத்தின் குறிப்பு ஆகியவற்றின் நகல்களை இணைத்து இந்த வாரமே பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். உத்தரவாத மீறல் வழக்குக்கு நான்கு ஆண்டு. அது குறை தெரியவந்த நாளிலிருந்து அல்ல, கார்டு உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து ஓடும். உங்களுக்கு அது 2027 ஏப்ரலில் முடிகிறது. நிபந்தனைகளில் அதையும் ஓராண்டு வரை குறைத்திருக்க முடியும் என்பதால், கடிதம் எழுதும் முன் அந்த ஒரு பத்தியைத் தேடிப் படித்துவிடுங்கள்.