வீட்டில் மார்பிள் கட்டர் வைத்து டைல் வெட்டும்போது காதில் பஞ்சு வைத்துக்கொண்டால் போதுமா?

போதாது. நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், விடுமுறையில் வீட்டு வேலையை நீங்களே முடித்துவிடலாம் என்று கட்டர் மெஷினை வாடகைக்கு எடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். கோவையில் 16 ஆண்டுகளாகக் கிரில், கேட் செய்யும் பட்டறை வைத்திருப்பவன். இருந்தும் இதற்குப் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் கெட்டது என் காது.

பட்டறையில் ஆங்கிள் கிரைண்டர் நாள் முழுவதும் ஓடும். மாலையில் வீடு திரும்பினால் காது அடைத்தது போல இருக்கும், காலையில் தெளிந்துவிடும். தெளிந்துவிடுகிறதே என்றுதான் பல ஆண்டுகள் அதைப் பொருட்படுத்தவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்கால இரவில், பீரோவுக்குப் பின்னால் சுவர்க்கோழி கத்துவதால் தூங்க முடியவில்லை என்று என் மகள் என்னை எழுப்பினாள். எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அவள் டார்ச் அடித்துக் காட்டினாள். சுவரோரத்தில் அந்தப் பூச்சி சிறகைத் தூக்கி விடாமல் உரசிக்கொண்டிருந்தது. சிறகு அதிர்வதைக் கண்ணால் பார்த்தேன், காதில் ஒன்றும் விழவில்லை. மகள் இரு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள்.

அதன் பிறகு எடுத்த செவிப் பரிசோதனைத் தாளில், கீச்சென்ற உயர்ந்த சுருதியான 4000 ஹெர்ட்ஸ் அருகே கோடு பள்ளமாக இறங்கியிருந்தது. இரைச்சலால் வரும் செவிக்குறைபாடு பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் தொடங்கும். சுவர்க்கோழியின் குரலும் ஏறத்தாழ அதே இடம்தான். உள்காதில் ஒலியை வாங்கும் மயிரிழைச் செல்கள் செத்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை என்பதால், மருந்து கேட்ட எனக்கு மருத்துவரிடம் கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை.

'பத்து நாள் வேலைக்கு இவ்வளவு பயமா' என்று சிலர் கேட்பார்கள். 'என் தந்தை 40 ஆண்டு தச்சு வேலை செய்தார், காது நன்றாகத்தான் இருக்கிறது' என்றும் எழுதுவார்கள். எல்லோருக்கும் ஒரே அளவில் கெடுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் உங்கள் காது எப்படிப்பட்டது என்பது கெட்ட பிறகுதான் தெரியும். அமெரிக்கத் தொழில்நல நிறுவனமான நியாஷ் 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என வரம்பு வைத்திருக்கிறது. அதற்கு மேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறையும். கட்டரும் கிரைண்டரும் எளிதாகத் தொடுகிற 100 டெசிபலில் அந்தக் கணக்கு 15 நிமிடத்தில் முடிந்துவிடும்.

பஞ்சு இந்தச் சத்தத்தில் பெயரளவுக்குத்தான் தடுக்கும். நுரை இயர் பிளக் வாங்குங்கள். அதை மெல்லிய திரி போல உருட்டி, மறுகையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே செலுத்தி, விரிந்து அடையும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். நுனி மட்டும் காதுக்குள் இருக்க, மீதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சரியாக அடைக்கவில்லை என்று பொருள். காதை வெளியிலிருந்து முழுவதும் மூடும் இயர் மஃப் போட்டால், கண்ணாடியின் காம்பு அதன் மெத்தையைத் தூக்கிச் சத்தத்தை உள்ளே விடும். டைல் வெட்டும்போது கண்ணாடியைக் கழற்றக் கூடாது என்பதால், உங்களுக்குப் பிளக்கே ஏற்றது. எத்தனை டெசிபல் குறைக்கும் என்று அட்டையில் போட்டிருக்கும் எண் ஆய்வகத்தில் கிடைத்தது. நம் காதில் அதில் பாதி கிடைத்தாலே நல்லது. பாட்டுக் கேட்கும் சாதாரண இயர்போனை இதற்கு மாற்றாக நினைக்காதீர்கள். கட்டர் சத்தத்துக்கு மேல் பாட்டுக் கேட்க வேண்டுமென்று ஒலியைக் கூட்டினால் கேடு இரண்டாகும்.

ஓர் ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இரைச்சலால் வரும் செவிக்குறைபாடும் ஒரு தொழில்நோயாக இடம்பெற்றிருந்தது; ஆனால் நான் வேலை பழகிய பட்டறையில் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. கண்ணில் பொறி விழுந்தால் முதலாளியே வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோவார். காதிலிருந்து ரத்தம் வராததால், அது யாருக்கும் காயமாகத் தெரியவில்லை.

உங்களுக்கு டைல் பிடித்துக்கொடுப்பவருக்கும் ஒரு ஜோடி வாங்குங்கள். அவர் காது பிளேடுக்கு உங்கள் காதைவிட அருகில் இருக்கும். என் பட்டறையில் கிரைண்டர் ஒயரைச் சுருட்டி, அதன் மேல் இயர் மஃபை மாட்டி வைக்கிறோம். அதைக் கையில் எடுக்காமல் யாராலும் கிரைண்டரின் மின் பிளக்கைச் செருக முடியாது.