ஆன்டிபயாடிக் முடிந்தும் நிற்காத வயிற்றுப்போக்கு: லோபெரமைடை நிறுத்துங்கள்

வணக்கம். அமாக்சிசிலின்-கிளாவுலனேட் என்ற ஆன்டிபயாடிக்கை 7 நாள் எடுத்து, அது முடிந்து 10 நாளாகியும் தினம் நாலைந்து முறை நீராகப் போகிறது, வயிற்றுப்போக்கை அடக்கும் லோபெரமைடு மாத்திரையும், நல்ல பாக்டீரியாக்கள் அடங்கிய புரோபயாட்டிக்கும் எடுக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள்.

முதல் வேலையாக லோபெரமைடை நிறுத்துங்கள். 24 மணி நேரத்தில் 3 முறையோ அதற்கு மேலோ நீராகப் போனால், குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் கிருமிக்கான மலப் பரிசோதனை தேவை. அந்தக் கிருமி இருக்கும்போது குடலின் அசைவை அடக்கினால் நச்சு உள்ளேயே தங்கி, பெருங்குடல் ஆபத்தான அளவுக்கு வீங்கலாம். ஆன்டிபயாடிக் முடிந்து 2, 3 மாதம் கழித்துக்கூட இது தலைகாட்டும். மலம் நீராக இருக்கும்போதே மாதிரி கொடுங்கள். அமிலம் குறைக்கும் மாத்திரை எடுப்பவரானால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது இந்த ஆபத்தைக் கூட்டும். கைகளைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள், சானிடைசருக்கு இந்தக் கிருமியின் வித்துகள் (கடின உறைக்குள் உறங்கும் வடிவம்) சாகாது.

பரிசோதனையில் கிருமி இல்லையென்றால், நார்ச்சத்தைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்கள் குறைந்ததே காரணமாக இருக்கலாம். அவை தரும் கொழுப்பு அமிலங்கள்தான் பெருங்குடல் உப்பையும் நீரையும் உறிஞ்ச உதவுகின்றன. நார்ச்சத்தைச் சில நாள் இடைவெளியில் சிறிதுசிறிதாகக் கூட்டுங்கள். ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும்.

புரோபயாட்டிக்கை நம்பி இருக்காதீர்கள். 2018-இல் வெளியான ஓர் இஸ்ரேலிய ஆய்வில், ஆன்டிபயாடிக்குக்குப் பின் அதை எடுத்தவர்களுக்குச் சொந்தக் குடல் பாக்டீரியாக்கள் திரும்பத் தாமதமானது.

இழக்கும் நீருக்கு ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் குடியுங்கள். பாக்கெட் இல்லையென்றால் 1 லிட்டர் சுத்தமான நீரில் 6 மட்டமான தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு இந்த அளவைத் தாண்டவே கூடாது.

மலத்தில் ரத்தம், காய்ச்சல், வயிறு விறைத்து வலி, சிறுநீர் குறைவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.