முதலில் அவரைத் தூக்குவதை நிறுத்துங்கள், அம்மா

கேள்வி: எனக்கு 69 வயது. கோலாலம்பூர், செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். பக்கவாதம் வந்ததிலிருந்து கணவர் படுத்த படுக்கையாக இருக்கிறார். அவரைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு போய்விட்டது. என் இரத்த அழுத்த மாத்திரை வாங்கக்கூட கிளினிக் போக முடியவில்லை. ஜொகூரில் இருக்கும் மகன் முதியோர் இல்லத்தில் சேர்க்கச் சொல்கிறான். எனக்கு மனம் ஒப்பவில்லை. வேறு உதவி கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், அம்மா. ஆனால் மனு எழுதுவதற்கு முன்பே ஒன்று செய்யுங்கள். அவரைக் கையால் தூக்குவதை இன்றே நிறுத்துங்கள். நீங்களும் விழுந்துவிட்டால் அவரைப் பார்க்க அந்த வீட்டில் ஆளில்லை.

படுத்திருப்பவரை நேராக இழுத்து உட்கார வைக்கும்போதுதான் இடுப்பு பாழாகிறது. முதலில் அவருடைய முழங்கால்களை மடக்குங்கள். தோளிலும் இடுப்பிலும் கைவைத்து உங்கள் பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பிறகு கால்களைக் கட்டிலிலிருந்து கீழே இறக்குங்கள்; கால்களின் எடையே உடல் எழ உதவும். செயலிழந்த கையைப் பிடித்து ஒருபோதும் இழுக்காதீர்கள், பக்கவாதத்தில் அந்தத் தோள்மூட்டு எளிதில் நழுவும். தலையணைப் பக்கமாக மேலே நகர்த்த வேண்டுமானால், மடித்த விரிப்பு ஒன்றை முதுகிலிருந்து தொடைவரை அடியில் போட்டு, இருபுறமும் இருவர் பிடித்து நகர்த்த வேண்டும். தனியாளாக அதைச் செய்யவே வேண்டாம்.

இதையெல்லாம் யாராவது நேரில் காட்டித் தந்தால்தான் கை பழகும். அதற்கென்றே அரசாங்கக் கிளினிக்குகளில் வீடு தேடி வரும் மருத்துவக் குழு 2014 முதல் இயங்குகிறது. அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவமனையில் 'டொமிசிலியாரி' சேவைக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். புண்ணுக்குக் கட்டுப்போடுவது, உணவு, சிறுநீர்க் குழாய்களை மாற்றுவது, உடற்பயிற்சி எல்லாவற்றையும் செய்து காட்டுவார்கள். குடும்பத்தார் பழகும்வரைதான் வருவார்கள். ஆகவே அவர்கள் வரும் நாளில் மகனும் வீட்டில் இருக்கட்டும்.

பண உதவிக்குச் சமூக நல இலாகாவை அணுகுங்கள். படுத்த படுக்கையாக உள்ள நோயாளியைப் பராமரிக்கும் குடும்பத்துக்கு மாதம் 500 ரிங்கிட் உதவித்தொகை இருக்கிறது. குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். கணவர் சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் இயலாமை ஓய்வூதியம் பெறுகிறாரா? எப்போதும் ஒருவர் துணை தேவை என்று மருத்துவக் குழு உறுதிசெய்தால், அங்கேயும் 500 ரிங்கிட் தனிப்படி உண்டு. தகுதி இருந்தும் பலர் இதைக் கேட்பதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

இனி உங்கள் உடம்பு. மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள். குறைந்த வருமானத்தினருக்கு அரசாங்கம் தரும் எஸ்டிஆர் உதவித்தொகை பெறுபவரானால், பெக்கா பி40 என்ற சுகாதாரத் திட்டத்தில் உங்களுக்கு இலவச உடல் பரிசோதனை உண்டு. தாங்க முடியாத இரவுகளில் 15999 எண்ணுக்கு அழையுங்கள். அது தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசிச் சேவை; 24 மணி நேரமும் இயங்குகிறது. மனச்சுமையைப் பேசித் தீர்க்க 15555 என்ற மனநல உதவி எண் இருக்கிறது.

முதியோர் இல்லம் என்றாலே கைவிடுவது என்று எண்ண வேண்டாம். சில இல்லங்கள் ஓரிரு வாரத்துக்கு மட்டும் சேர்த்துக்கொள்ளும். உங்கள் இடுப்பு தேற அந்த ஓய்வு தேவைப்படலாம். சேர்க்கும் முன், 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டத்தின் கீழ் பெற்ற பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் திரும்பிவிடுங்கள்.

மகனிடம் பணம் மட்டும் கேட்காதீர்கள். மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு அப்பாவை அவர் பார்த்துக்கொள்ளட்டும். தேதியை இப்போதே குறித்து வாங்கிவிடுங்கள். உங்கள் கிளினிக் சனிக்கிழமை திறந்திருந்தால், அங்குள்ள வேலைகளை அன்று காலைக்கு வைத்துக்கொள்ளலாம்.