யு 0.30, யு 1.8: நுவரெலியா வீட்டுக்கு எந்தக் கண்ணாடி?

கேள்வி: நுவரெலியாவில் வீடு கட்டுகிறோம். இரட்டைக் கண்ணாடி ஜன்னலுக்கு இரண்டு கடைகளில் விலை கேட்டோம். ஒன்றில் யு மதிப்பு 0.30, மற்றதில் 1.8. விலை கூடிய முதலாவது ஆறு மடங்கு நல்லதா?

இல்லை. இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். 0.30 அமெரிக்க அளவு. அதை 5.68 ஆல் பெருக்குங்கள், 1.7 வரும். மற்றவர் மெட்ரிக்கில் எழுதியிருக்கிறார், அவ்வளவுதான்.

உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு பாகை வித்தியாசம் இருக்கும்போது ஒரு சதுர மீற்றர் வழியாக எத்தனை வாட் வெப்பம் வெளியேறுகிறது என்பதே யு. குறைந்தால் நல்லது. சாதாரண ஒற்றைக் கண்ணாடிக்கு 5.7 அளவில் வரும். நடுவில் வெறும் காற்றுள்ள இரட்டைக் கண்ணாடிக்கு 2.8. வெப்பத்தைத் திருப்பியனுப்பும் லோ-இ பூச்சும், நடுவில் காற்றுக்குப் பதிலாக ஆர்கன் வாயுவும் சேர்ந்தால் 1.2 வரை இறங்கும். ஜனவரி இரவில் வெளியே 6 பாகை, அறையில் 18 என்று வையுங்கள். ஒற்றைக் கண்ணாடியின் உட்பக்கம் 9 பாகையில் இருக்கும். விடியும்போது தண்ணீர் வழிந்து பலகை ஊறுவது அதனால்தான். யு 1.2 உள்ள கண்ணாடியில் உட்பக்கம் 16 பாகை.

கடையில் சொல்லும் யு மதிப்பு கண்ணாடியின் நடுப்பகுதிக்கா, சட்டத்தோடு முழு ஜன்னலுக்கா என்று கட்டாயம் கேளுங்கள். வெறும் அலுமினியச் சட்டம் நல்ல கண்ணாடியையும் கெடுத்துவிடும். வெயில் வெப்பத்தை எவ்வளவு உள்ளே விடும் என்பதற்கும் 0 முதல் 1 வரை ஓர் எண் உண்டு. கொழும்புக்கு அது குறைய வேண்டும். நமக்குக் கூடினால்தான் நல்லது; மூடுபனி இறங்குமுன் கிடைக்கும் கொஞ்ச வெயிலையும் ஏன் தடுக்க வேண்டும்?

விலைப்பட்டியலில் எழுதாத ஒன்று உயரம். நுவரெலியா 1,868 மீற்றர். கடல்மட்டத்தைவிட இங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் அடைத்து ஒட்டிய கண்ணாடி இறம்பொடை ஏறி வரும்போதே உப்பத் தொடங்குகிறது. என் வீட்டில் முதலில் போட்டவை அப்படித்தான் வந்தன. கண்ணாடியில் பார்த்தால் முகம் பூசணிக்காய். இரண்டாவது மழைக்காலத்தில் ஒட்டு விட்டுப்போய், இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே நிரந்தரமாக ஆவி படிந்தது. அதைத் துடைக்க வழியே இல்லை.

ஆகவே உயரத்தைச் சொல்லிவிட்டுச் செய்யக் கொடுங்கள். அழுத்தத்தைச் சமப்படுத்த, இரண்டு கண்ணாடிகளின் நடுவிலிருந்து வெளியே நூல்போன்ற மெல்லிய குழாய் வைப்பார்கள். அதைத் திறந்தபடி விட்டால் ஆர்கன் நிற்காது, 1.2 ஏறத்தாழ 1.5 ஆகிவிடும். ஆகவே அப்படிப்பட்ட கண்ணாடிக்கு ஆர்கன் காசு கொடுக்காதீர்கள்.

நாங்கள் இரண்டாம் முறை ஆர்கன் இல்லாமல், குழாய் வைத்து, லோ-இ மட்டும் போட்டோம். காசு முடிந்துபோனதால் குசினி ஜன்னல் இன்னும் ஒற்றைக் கண்ணாடிதான். காலையில் துடைப்பதற்கு ஒரு பழைய துவாய் அதன் பக்கத்திலேயே தொங்குகிறது.