சுங்கை சிப்புட் ஓடைக்கரை மரம்: பூக்கும்வரை பொறுங்கள்

வணக்கம் தம்பி. செம்பனைத் தோட்டத்து ஓடைக்கரை மரத்துக்கு யாருக்கும் பேர் தெரியவில்லை, புது இனமாக இருந்தால் பாட்டி பேர் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக வைக்கலாம், ஆனால் அதை முடிவு செய்வது அந்த இனத்தை விவரித்து எழுதுபவர்.

இலைப் படம் போதாது. கன்றில் வரும் இலை வேறு, வளர்ந்த மரத்தின் இலை வேறு. பூவும் காயும்தான் பேசும். மெராந்தி என்ற காட்டு மர வகை என்றால் பூக்கச் சில வருடங்கள்கூட ஆகலாம்.

பூத்ததும், தோட்டத்தில் அனுமதி கேட்டு, ஒரு முழக் கிளையைச் செய்தித்தாளுக்குள் வைத்து அழுத்துங்கள். தாளைத் தினமும் மாற்றுங்கள், நம் ஊர் ஈரத்தில் சீக்கிரம் பூஞ்சணம் பிடித்துவிடும். பட்டையை லேசாகக் கீறிப் பாருங்கள்: வடிவது வெள்ளைப் பாலா, மஞ்சளா, பிசினா? வாசனை, பூவின் நிறம், உயரம் எல்லாவற்றையும் அங்கேயே எழுதிவிடுங்கள். காய்ந்த கிளையில் இவை எதுவும் மிஞ்சாது.

அப்புறம் கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் உலர்தாவரக் காப்பகத்துக்கு, அதாவது காய்ந்த தாவர மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் இடத்துக்கு, எழுதுங்கள். பழைய மாதிரிகளோடு ஒப்பிட்டுத்தான் புதிதா என்று சொல்ல முடியும். புதிது என்றால் ஒரு மாதிரியை மூல மாதிரியாக, அதாவது அந்தப் பேருக்கு ஆதாரமாக, குறித்து, விளக்கத்தோடு வெளியிட வேண்டும். 2012 முதல் அந்த விளக்கம் ஆங்கிலத்தில் இருந்தாலே போதும், லத்தீன் கட்டாயமில்லை.

தோட்டத்தில் பழைய செம்பனையை அழித்து மறுநடவு செய்யப் போகிறார்கள் என்றீர்களே, முதலில் மேலாளரைப் பார்த்து அந்த மரத்தை விட்டுவைக்கச் சொல்லுங்கள். நாளைக்கே போங்கள்.