பன்னாட்டு நிறுவனங்களும் பாலாறும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பருவநிலை, தண்ணீர், வறுமை என எந்த உலகப் பிரச்சினையிலும் பன்னாட்டு நிறுவனங்களை விட்டுவிட்டுப் பேச முடியாது என்று வேலூர் கூட்டத்தில் சொன்னீர்கள். என் அக்கா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார். ஐரோப்பிய பிராண்டுகளுக்குப் போகும் ஷூ. அந்தச் சம்பளத்தில்தான் நான் காலேஜ் முடித்தேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது என்பதும் உண்மை. இந்த நிறுவனங்களை எந்தப் பக்கம் வைப்பது?

– ஒரு வாசகர், பேரணாம்பட்டு

அன்புள்ள தம்பி,

பாலாற்றை வைத்தே சொல்கிறேன். பென்டாகுளோரோபீனால் என்று ஒரு மருந்து. தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் நம் டேனரிகள் போட்டது. 1989இல் ஜெர்மனி அதைத் தடை செய்தது. அந்தத் தோல் இனி அங்கே இறங்காது என்றானதும், சில வருடங்களில் இங்கே வேறு மருந்துக்கு மாறிவிட்டார்கள். அப்புறம் குரோமியம் 6, குரோமியத்தின் நச்சு வடிவம். உடம்பில் படும் தோல் பொருளில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக்கூடாது என்பது 2015 முதல் ஐரோப்பிய விதி. அதற்கும் சோதனை, சான்றிதழ் எல்லாம் வந்துவிட்டன. வாங்குகிறவர் கண்டிப்பாகக் கேட்டால் வாணியம்பாடி வரை மாற்றம் வரும்.

ஆனால் பச்சைத்தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பு, ஷூவோடு கப்பல் ஏறுவதில்லை. கழுவும்போது கரைந்து இங்கேயே, நம் ஆற்றிலும் கிணற்றிலும் தங்கிவிடுகிறது. ஹாம்பர்க்கில் அந்த ஷூவைப் போடுபவருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. அதற்காக 1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம்தான் உச்ச நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று 1996இல் தீர்ப்பு வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு இழப்பீடு கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. இத்தனை வருடத்திலும் பதில் சொல்லவேண்டியவர் டேனரிக்காரர் மட்டுமே. ஷூவில் தன் பெயரைப் போட்டு விற்கும் பிராண்டு அந்த டேனரிக்கு முதலாளி இல்லை, வெறும் வாடிக்கையாளர். ஷூவுக்கு என்ன விலை கொடுப்பது என்று முடிவு செய்வது மட்டும் அதுதான். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

பருவநிலையிலும் இதே கதை. ஏற்றுமதிப் பொருளுக்காக இங்கே எரியும் நிலக்கரியின் புகை நம் நாட்டுக் கணக்கில் ஏறுகிறது.

சரி, எல்லாவற்றையும் வெளிநாட்டுக் கம்பெனி தலையில் கட்ட முடியாது. ராணிப்பேட்டையில் லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனது உள்நாட்டு ஆலை. 2015 ஜனவரியில் அங்கே சிப்காட்டில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து 10 தொழிலாளர்கள் செத்தார்கள். அந்தத் தொட்டியைக் கண்காணிக்க வேண்டிய பொறுப்பு நம் அதிகாரிகளுடையது.

கழிவுநீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் செலவு ஷூ விலையில் சேர வேண்டும். எந்த டேனரித் தோல் என்பதை பிராண்டு வெளியே சொல்ல வேண்டும். ஆம்பூர் மட்டும் விலையை ஏற்றினால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போகும், அக்காவின் வேலையும் போகும். அதனால் வாங்குகிற நாடுகளில் இது எல்லா நிறுவனத்துக்கும் சட்டமாக வேண்டும். சப்ளையர் செய்வதற்கும் பெரிய நிறுவனங்களைப் பொறுப்பாக்கும் சட்டம் ஒன்று ஜெர்மனியில் 2023இல் அமலுக்கு வந்தது. பாதிக்கப்பட்டவர் வெளிநாட்டில் இருந்தாலும் அங்கே புகார் கொடுக்க அதில் வழி வைத்திருக்கிறார்கள். உங்கள் கிணற்றுத் தண்ணீரை முதலில் பரிசோதனைக்குக் கொடுங்கள், அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள்.