பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த கனடாவின் உறைவிடப் பள்ளிகள் மூடப்பட்டுவிட்டன. பூர்வகுடிகளை அவற்றின் பாதிப்பு இன்னும் ஏன் தொடர்கிறது?

கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990களில்தான். அங்கே படித்தவர்கள் பலர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே இதைப் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது.

அரசு பணம் கொடுக்க, பெரும்பாலும் தேவாலயங்கள் நடத்திய அந்தப் பள்ளிகளுக்கு 1,50,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அனுப்பப்பட்டார்கள். தாய்மொழி பேசினால் அடி. முடியை வெட்டினார்கள், பெயரை மாற்றினார்கள். பாலியல் கொடுமைகளும் நடந்தன. ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பவே இல்லை.

திரும்பியவர்களின் நிலை? ஐந்தாறு வயதில் பிரிக்கப்பட்ட பிள்ளைக்குப் பாட்டியிடம் பேச மொழி இல்லை. அணைத்து வளர்க்கப்படாதவர், தன் பிள்ளையை அணைக்க எங்கே கற்றுக்கொள்வார்? பலர் வலியை மதுவில் அமுக்கினார்கள். அது அடுத்த தலைமுறையின் வீட்டுக்குள் இறங்கியது. எனக்கு மிகவும் வலிப்பது இந்த இடம்தான்.

பிரிப்பதும் நின்றபாடில்லை. 2021 கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பூர்வகுடியினர் 7.7 விழுக்காடு, வளர்ப்புக் குடும்பங்களில் விடப்பட்ட பிள்ளைகளிலோ 53.8 விழுக்காடு!

2008-இல் பிரதமர் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். இந்தப் பள்ளிகளைப் பற்றி விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-இல் இதைப் பண்பாட்டு இனப்படுகொலை என்றே சொன்னது. 94 பரிந்துரைகளையும் வைத்தது. அவற்றில் பல இன்னும் காத்துக்கிடக்கின்றன.